சி.ஐ.சி.க்கு எந்த ஜெல்லி: மரப்பா, வழுக்கலா?

சி.ஐ.சி. என்பது கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் சுத்தமான முறையில் நேரத்துக்கு நேரம் சிறுநீர்த்தாரையில் விட்டு, சிறுநீரை வெளியேற்றிவிட்டு எடுத்துவிடுவது. அப்படிச் சுயமாகக் கதீட்டர் போட்டுக்கொள்ளும் ஆண்களில் பலர் மெடிக்கல் ஷாப்பில் கேட்பது 'டூ பர்சென்ட் ஜெல்லி'. அதாவது லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து கலந்தது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் நர்ஸ் கையில் பார்த்தது அதைத்தான். அப்புறம் அதே பழக்கமாகிவிடுகிறது. ஒன்றரை வருஷம் நானும் அதைத்தான் வாங்கினேன். அந்த டியூபுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன, ஒன்று மரக்க வைப்பது, இன்னொன்று வழுக்க வைப்பது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தினசரி நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. பெண்ணின் சிறுநீர்த்தாரை ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்; ஆணுக்கு 18 முதல் 20 செ.மீ., அதில் இரண்டு வளைவு வேறு. கதீட்டர் நுனியில் தடவிய ஜெல்லி வாசலிலேயே வழிந்து தங்கிவிடும். பாதி தூரம் போனதும் 4.7 மி.மீ. தடிமனுள்ள 14 எஃப்.ஆர். குழாய் வெறும் சவ்வில் உராய்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் வருஷத்துக்கு 1,825 முறை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

லிக்னோகைன் ஜெல்லியை உள்ளே செலுத்தினால் மரக்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். ஆபீஸ் கழிவறையில், வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டும்போது, யார் பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள்? தடவியதும் போட்டுவிடுகிறோம். மரப்புக்குக் கொடுத்த காசு வீண். அளவையும் பாருங்கள்: 5 கிராம் ஜெல்லியில் 100 மி.கி. மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 600 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது மருந்துக் குறிப்பேட்டின் வரம்பு. ஒரு தடவைக்கு 10 கிராம் என்று தாராளமாகப் பிதுக்குபவர் பகலில் மூன்றே முறையில் அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். உள்ளே புண் இருந்தால் ரத்தத்தில் இன்னும் சீக்கிரம் கலக்கும்.

அதற்காக லிக்னோகைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆரம்ப வாரங்களில், பயத்தில் தசை இறுகிக்கொள்ளும்போது, அது கைகொடுக்கும். முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் ஆறாவது கண்டத்துக்கோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குக் கதீட்டர் போடும்போதே ரத்த அழுத்தம் எகிறலாம். அவர்களுக்கு மருத்துவரே இதை எழுதித் தருவதுண்டு. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவர் வலிக்காக மரப்பு ஜெல்லி வாங்குவதில் அர்த்தமில்லை. வலி தெரியாத அவருக்குத்தான் வழுக்கல் எல்லோரையும்விட அதிகம் தேவை. உராய்வு நடந்ததை அவருக்குச் சொல்வது குழாய் நுனியில் ஒட்டிவரும் ரத்தம் மட்டும்தான்.

லிக்னோகைனுக்குப் போட்டியாக நான் நிறுத்துவது மருந்து கலக்காத, தண்ணீரில் கரையும், கிருமி நீக்கிய சாதா ஜெல்லி. எங்கள் ஊர்க் கடைகளில் லிக்னோகைன் கிடைக்கிற அளவுக்கு இது கிடைப்பதில்லை, சொல்லிவைத்து வாங்க வேண்டும். எனக்கு வித்தியாசம் தெரிந்தது டியூபை மாற்றியதைவிட, ஜெல்லியைப் போடும் முறையை மாற்றியதில்தான். ஊசி இல்லாத, புதிய 10 மி.லி. சிரிஞ்சில் ஜெல்லியை எடுத்து, துவாரத்துக்குள் மெதுவாகச் செலுத்தி, வெளியே வழியாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டு, பிறகு கதீட்டர். வழி முழுக்க ஈரமாக இருக்கும். இதை முதலில் நர்ஸ் முன்னால் ஒரு தடவை செய்து பழகுங்கள்.

ஹைட்ரோபிலிக் கதீட்டர் ஜெல்லியே கேட்காது. அதன் மேற்பூச்சு தண்ணீரை உறிஞ்சி நுனி முதல் அடி வரை வழுக்கும். சில வகைகளைத் தண்ணீரில் 30 வினாடி வைக்க வேண்டும், சில நனைந்தபடியே வரும். ஸ்வீடனில் 1983-ல் லோஃப்ரிக் என்ற பெயரில் வந்தது இதன் முன்னோடி. சுகம் என்ற ஒரே கணக்கில் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் ஒரு முறைக்கு ஒரு கதீட்டர், கழுவி மறுபடி போட முடியாது, 1,825-ஐ அதன் விலையால் பெருக்கினால் தலை சுற்றும். இன்னொரு குறை: உள்ளே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பூச்சு காய்ந்து, உருவும்போது ஒட்டும்.

தேங்காயெண்ணெய், வாஸ்லின் இரண்டையும் வீட்டில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, உள்ளே படிந்து நிற்கும், சிவப்பு ரப்பர் கதீட்டரையும் கெடுக்கும். ஸ்கேன் சென்டர் ஜெல்லும் வேண்டாம், அது தோலுக்கு மேலே தடவத்தான். 2021-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஸ்கேன் ஜெல்கள் பர்க்கோல்டேரியா கிருமி கலந்ததால் திரும்பப் பெறப்பட்டன. வாசனை, சூடேற்றும் தன்மை சேர்த்த லூப்ரிகன்ட்களும் அந்த வரிசைதான்.

பெண்களுக்குக் கணக்கே வேறு. நாலு செ.மீ. பாதைக்கு நுனியில் ஒரு பட்டாணி அளவு சாதா ஜெல்லி போதும். சிரிஞ்ச் தேவையில்லை, மரப்பு பெரும்பாலும் தேவையில்லை. அவர்களுக்குச் சிரமம் வழுக்கலில் இல்லை, துவாரத்தைக் கண்ணாடியில்லாமல் கண்டுபிடிப்பதில்.

எந்த ஜெல்லியாக இருந்தாலும் டியூப் ஒருவருக்கு மட்டும், டியூபின் வாய் எதிலும் படக் கூடாது. கைகழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும், ஆபரேஷன் தியேட்டர் ஏற்பாடு வேண்டாம் என்று மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் 1972-ல் எழுதியதால்தான் நம்மைப் போன்றவர்கள் இதை வீட்டிலேயே செய்கிறோம். அந்தச் சுத்தத்தில் ஜெல்லியும் அடக்கம். நிறைய ஜெல்லி போட்டும் குழாய் முட்டி நின்றால் அழுத்தாதீர்கள். மூச்சை இழுத்து விட்டு, தசை தளரக் காத்திருங்கள். அப்படியும் போகவில்லை, ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் குளிர் என்றால் ஜெல்லியை மாற்றிப் பார்க்கும் நேரமில்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

என் கணக்கு இப்போது இப்படி: வீட்டில் சாதா ஜெல்லியும் சிரிஞ்சும். ராத்திரி ரயிலுக்கு மட்டும் இரண்டு ஹைட்ரோபிலிக். ஆடுகிற கழிவறையில் சிரிஞ்சைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை கிடையாது.