கியர் பாக்ஸ் போச்சு என்று சொன்னால் உடனே இறக்கச் சம்மதிக்காதீர்கள்

கடலூர்–புதுச்சேரி சாலையில் பழைய கார் ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். செய்யாத கியர் பாக்ஸ் வேலைக்கு எங்களிடம் 14,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அதோடு, நன்றாக இருந்த கிளட்ச் பிளேட்டும் கருகிப்போனது.

வண்டி 2006 மாடல் மாருதி 800. அம்மாவை மஞ்சக்குப்பத்திலிருந்து ஜிப்மருக்குக் கூட்டிப்போக அதுதான் எங்களுக்கு வசதி. அன்றைக்கு அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது முதல் கியர் விழவே இல்லை. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று பல் உரசுகிற சத்தம். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். எல்லா கியரும் சுலபமாக விழுந்தன. பக்கத்தில் இருந்த ஒரு ஷெட்டில் இதையும் சொல்லித்தான் வண்டியை விட்டேன். அங்கிருந்தவர் பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு சார். சிங்க்ரோ ரிங் எல்லாம் தேஞ்சிருக்கும், இறக்கித்தான் ஆகணும்" என்றார். கியர் உரசாமல் விழ உதவும் வளையம்தான் சிங்க்ரோ ரிங்.

மறுநாள் சாயங்காலம் வண்டி கிடைத்தது, கியரும் விழுந்தது. பழைய பாகங்களைக் கேட்டேன். "காயலான் கடைக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். பில் கேட்டதற்கு, ஒரு துண்டுச் சீட்டில் 'கியர் பாக்ஸ் வேலை' என்று எழுதி மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் கன்னியக்கோயில் பக்கம் வேறு தொல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. உள்ளே கருகிய வாடை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து என்னையும் கீழே குனியச் சொன்னார். கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகளின் தலையில் பல வருட எண்ணெய்யும் மண்ணும் கலந்து கறுப்பாக இறுகிப்போயிருந்தது. ஆயில் இறக்கும் பிளக்கைச் சுற்றியும் அதே அழுக்கு. ஸ்பானர் பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை. "தம்பி, இதை யாரும் தொடவே இல்லை" என்றார். பளபளவென்று இருந்தது ஒரே ஓர் இடம்: பெடலையும் கிளட்ச்சையும் இணைக்கும் கிளட்ச் கேபிளின் முனையில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் நட். கேபிளைக் கழற்றிக் காட்டினார். உள்கம்பியில் சில இழைகள் அறுந்து முள்ளாக நின்றன, உறைக்குள் துரு. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் பழைய கேபிள் இப்படி ஆவது சகஜம்தான்.

நடந்தது இதுதான். கேபிள் நீண்டுபோனதால் பெடலைத் தரைவரை மிதித்தாலும் கிளட்ச் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் முழுசாகப் பிரிக்கவில்லை. அதனால்தான் இன்ஜின் ஓடும்போது கியர் விழவில்லை, அணைத்தால் விழுந்தது. ஷெட்காரர்கள் கேபிளை மாற்றாமல் நட்டை மட்டும் ஒரேயடியாக முறுக்கிவிட்டார்கள். பெடலின் மேல்பகுதியில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். அது துளிகூட இல்லாமல் போய்விட்டது. கால் வைக்காதபோதும் கிளட்ச் பாதி அமுங்கியே இருந்தால் பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். கேபிள் விலை 450 ரூபாய். அன்றைக்கே அதை மாற்றியிருந்தால் கூலியோடு ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும். கடைசியில் கிளட்ச் செட் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. கோபம் பணத்துக்காக மட்டுமில்லை. உடம்பு முடியாத அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்று தெரிந்தே இப்படிச் செய்தார்கள்.

பெரியவர் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். எல்லா கியரும் முரண்டு பிடித்தால் முதலில் கேபிளையும் கிளட்ச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது கியர் மாதிரி ஏதோ ஒன்று மட்டும் உரசினால்தான் சிங்க்ரோ மேல் சந்தேகம் வர வேண்டும். இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்ச் பெடலை மிதிக்கும்போது இரைச்சல் வந்தால், கிளட்ச்சை அமுக்கும் ரிலீஸ் பேரிங்கில் கோளாறு. மிதித்ததும் இரைச்சல் நின்றால் கியர் பாக்ஸ் பேரிங்கில் கோளாறு. கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச் பெடலிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் பிடிக்கவில்லை. இதை ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்தான் தேயும்.

அப்புறம், வண்டியை விடுவதற்கு முன்னால் அந்த போல்ட்டுகளையும் பிளக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஷெட் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூரில் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அந்தத் துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே பதிவு, அழுக்குப் படிந்த போல்ட்டுகளின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்து நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.