பெண்களுக்கான குடிமீட்பு மையம், எங்கள் தோட்டப் பட்டணத்தில்

சம்சு என்னும் மலிவுச் சாராயத்தை நிறுத்த வரும் பெண்ணை இங்கே முதல் நாளே வகுப்பில் உட்கார வைப்பதில்லை; அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதற்காகவே இந்த மையத்தை நம்பலாம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் நடுக்கமும் பிதற்றலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பூட்டி வைப்பது கொடிய தவறு. வார்டில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸிபாம் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. உடம்பில் தயமின் வற்றியிருக்க, குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிப்பு முற்றலாம்.

வகுப்பு பிற்பகல் 3 மணிக்கு. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், செம்பனை வேலை முடித்து வருபவர்களுக்கு அதுதான் தோது. பின்னறையில் பாய் விரித்து, பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருக்கிறார். அவர் இல்லையென்றால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். ஆண்கள் நடுவே வாய் திறக்காதவர்கள், புருஷன் அடிப்பதை இங்கே சொல்லி அழுகிறார்கள்.

பெரிய குறை, கர்ப்பப் பரிசோதனையைக் கேட்டால்தான் செய்கிறார்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தொடங்குமுன் அது கட்டாயம். தயங்காமல் கேளுங்கள். ஐசியோடு (அடையாள அட்டை), சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள்.