புஷி பார்க் பார்க்ரன்: புதுமணத் தம்பதியர் அறிமுகம் தேடிக்கொள்ள ஏற்ற இடம்

திருமணம் முடிந்த கையோடு லண்டனின் தென்மேற்குப் பகுதியில் குடியேறுபவர்களுக்கு, அக்கம்பக்கத்தில் நாலு பேரைத் தெரிந்துகொள்ள நான் தயங்காமல் பரிந்துரைப்பது, டெடிங்டனை ஒட்டிய புஷி பூங்காவில் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தைத்தான். பார்க்ரன் என்று இன்று பல நாடுகளில் நடக்கும் இந்த ஏற்பாடு, 2004 அக்டோபர் 2 அன்று இதே பூங்காவில் 13 ஓட்டக்காரர்களுடன் தொடங்கியது. கட்டணம் எதுவும் இல்லை. இணையத்தில் ஒரு முறை பதிவுசெய்து, அவர்கள் தரும் பார்கோடைக் கையோடு கொண்டுசென்றால் போதும்.

புதுமணத் தம்பதியரில் ஒருவருக்கு அலுவலகம் இருக்கும். வேலை தேடிக்கொண்டிருக்கும் மற்றவருக்குப் பகல் முழுவதும் பேச்சுத்துணை ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புதான். எங்கள் வீட்டில் அந்த மற்றவர் நான். டூட்டிங், நியூ மால்டன் பக்கம் தமிழர்கள் நிறையவே இருக்கிறார்கள், கோயில்களும் தமிழ்க் கடைகளும் இருக்கின்றன, அங்கே நம் மொழியைக் காதால் கேட்பதே பெரிய ஆறுதல்தான். ஆனாலும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துவரும் பெற்றோரிடையே தானாக உருவாகும் பழக்கம், இன்னும் பிள்ளை பெறாத இருவருக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பார்க்ரனில் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வாராவாரம் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே முகங்களைப் பார்க்க முடிகிறது என்பதே பாதிப் பழக்கத்தை ஏற்படுத்திவிடுகிறது.

ஓடத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். முழுத் தூரத்தையும் நடந்தே கடக்கலாம். எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால், கடைசி ஆளாகிவிடுவோமோ என்ற கூச்சத்துக்கு இடமே இல்லை. முதல்முறை வருபவர்களுக்குத் தொடங்குமுன் விவரம் சொல்கிறார்கள். செஸ்ட்நட் மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலையும், புல்வெளியில் மேயும் மான்களும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை.

ஆனால் நட்பு தேடுபவர்களுக்கு ஓட்டத்தைவிடத் தன்னார்வப் பணியே நல்ல வாசல் என்பது என் உறுதியான கருத்து. புஷி பூங்காவில் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அத்தனை பேருக்கு நடுவே ஓடிவிட்டு வீடு திரும்பினால் ஒருவர் பெயரும் மனத்தில் நிற்காது. பார்கோடு ஸ்கேன் செய்யும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்க வந்து நிற்பவரிடம் இரண்டு பார்கோடுகள் இருக்கும்: ஒன்று அவருடையது, மற்றொன்று முடிவுக் கோட்டில் கொடுக்கப்பட்ட, வரிசை எண் பொறித்த சிறு பிளாஸ்டிக் அட்டை. இரண்டையும் கைபேசியில் பதிந்துகொண்டு அட்டையைத் திரும்ப வாங்கிப் போடுவதற்குள், இன்று எப்படி ஓடினீர்கள் என்று கேட்க நேரம் கிடைக்கிறது. களைத்து வந்தவர்கள் மனம்விட்டுப் பதில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களே நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நானும் கணவரும் வேண்டுமென்றே வெவ்வேறு பணிகளைக் கேட்டு வாங்கினோம். சேர்ந்தே நின்றால் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்போம் என்பது தெரிந்ததுதான்.

ஓட்டம் முடிந்ததும் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பெசன்ட்ரி கஃபேக்குப் பலர் செல்வது வழக்கம். அவசர வேலை இருந்தாலொழிய அதைத் தவறவிடாதீர்கள். ஓடும்போது கிடைப்பது முக அறிமுகம். வாடகை வீடு, குடும்ப மருத்துவரிடம் பதிவு, வேலை நேர்காணல் என்று உண்மையில் தேவைப்படும் பேச்செல்லாம் காபிக் கோப்பையோடுதான் தொடங்குகிறது. அங்கிருந்து வீட்டுக்குச் சாப்பிட அழைக்கும் அளவுக்கு நெருங்க வேண்டுமானால், முதல் அழைப்பை நாம்தான் விடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் தோசை சாப்பிட வந்தவர், என்னோடு அட்டைகளை அடுக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

பெருங்கூட்டம் பிடிக்காதவர்கள், வீட்டருகே நடக்கும் சிறிய பார்க்ரனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அங்கே பழக்கம் இன்னும் விரைவில் ஏற்படும். வேலை காரணமாகச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ மாற்றலாகிப் போனாலும் இதே பார்கோடு அங்கும் செல்லும் என்பதால், புதிதாகப் பதிவுசெய்ய வேண்டியதில்லை.