அந்தக் கரகரப்பு யாருடையது? டிஜே ஷேடோவின் ‘எண்ட்ரொட்யூசிங்’ எல்பி, வாங்கி ஒன்பது வருடம் கழித்து

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார், “டிஜே ஷேடோவோட எண்ட்ரொட்யூசிங் எல்பி இசைத்தட்டு விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா? உங்ககிட்டதான் இருக்கே.” அதற்கு இரண்டு நாள் முன்புதான் இந்த ஒரு ஆல்பத்தால் என் டர்ன்டேபிளை, அதாவது தட்டு ஓட்டும் கருவியை, பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியிருந்தேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

ஆல்பம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1996, லண்டனின் மோ வாக்ஸ் இசை நிறுவனம், கலிபோர்னியாவின் டேவிஸ் என்ற ஊரில் வளர்ந்த ஜோஷ் டேவிஸ், அதாவது டிஜே ஷேடோ, 24 வயதில் வெளியிட்ட முதல் ஆல்பம். பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக (இவைதான் சாம்பிள்கள்) எடுத்து ஆகாய் எம்பிசி60 என்ற பெட்டியில் ஏற்றி, அதன் 16 பட்டன்களை விரலால் தட்டிக் கோத்தது. முழுக்க சாம்பிள்களாலேயே ஆன முதல் ஆல்பம் என்று 2001இல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். வாங்கிய முதல் மாதத்திலிருந்தே இந்தத் தட்டில் ஒரு பொரிகிற சத்தம். எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி, டப் டப்பென்று, அதுவும் இசை அடங்கி பியானோ மட்டும் ஒலிக்கிற இடம் பார்த்து. தட்டைத் துடைத்தேன், ஊசியைத் துடைத்தேன், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்றினேன், ஒருமுறை காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவிக்கூடப் பார்த்தேன். வேறு எந்தத் தட்டிலும் இவ்வளவு இல்லை. அச்சு சரியில்லாத பிரதியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்ற கடையைத் திட்டிக்கொண்டே வருடங்கள் போயின. போன மாதம் சத்தம் இன்னும் கூடியது போலத் தோன்றவே, டர்ன்டேபிளோடு இந்த எல்பியையும் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போனேன்.

அவர் ஊசியைப் பார்த்தார், தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். அப்புறம் ஒரு வேலை செய்தார். சின்னக் காகிதத் துண்டைக் கிழித்து, தட்டின் நடுவே இருக்கும் லேபிளின் ஓரத்தில் ஒட்டினார். “சத்தம் வரும்போது பேப்பர் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க.” அவர் சொன்ன கணக்கு எளிது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டில் கீறல் இருந்தால் சத்தம் சுற்றுக்கு ஒருமுறை, காகிதம் அதே இடத்துக்கு வரும்போது கேட்கும். தூசி என்றால் ஒழுங்கே இல்லாமல் வரும். காகிதத்தோடு சேராமல், ஆனால் ஒரு ஒழுங்கோடு வருகிறதென்றால் அது பதிவிலேயே இருக்கிறது.

ஆல்பத்தின் ‘பில்டிங் ஸ்டீம் வித் எ கிரெயின் ஆஃப் சால்ட்’ என்ற பாட்டு ஓடியது. இருவரும் குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் காகிதத்தோடு சேரவே இல்லை. அந்தப் பியானோ வரி திரும்பி வரும்போதெல்லாம், அதே சுரத்தின் மேல், அதே பொரி. வீட்டுக்கு வந்து போனில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன், அங்கேயும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் கழுவிக் கழுவிப் பார்த்த அழுக்கு என் தட்டுடையதே அல்ல. யாரோ ஒருவர் வீட்டில் வருடக்கணக்கில் ஓடித் தேய்ந்து, கடைசியில் ஷேடோ கைக்கு வந்த ஒரு பழைய தட்டின் அழுக்கு அது. பியானோவோடு சேர்ந்து அதுவும் எம்பிசிக்குள் போயிருக்கிறது, அந்தத் துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும்போதெல்லாம் கூடவே சுற்றுகிறது.

எனக்கு உடம்பு ஒருமாதிரி சிலிர்த்துவிட்டது. அன்று இரவு முழு ஆல்பத்தையும் அந்தச் சத்தத்துக்காக மட்டும் கேட்டேன். அட்டையில் இருப்பது சாக்ரமென்டோவின் ரேர் ரெக்கார்ட்ஸ் கடை, அதன் கீழ்த்தளத்தில் கூரை வரை அடுக்கிக் கிடந்த தட்டுகளுக்கு நடுவே ஷேடோ நாள் கணக்கில் உட்கார்ந்து தேடியிருக்கிறார். விற்காமல் போனவை, யாரும் நினைவில் வைத்திராதவை. எம்பிசி60இன் நினைவகம் வெறும் 13 விநாடி, கூட்டினாலும் 26. ஒலியும் 12 பிட் என்ற குறைந்த நுட்பத்தில்தான், அதனால் ட்ரம்ஸுக்கு ஒரு சொரசொரப்பு வந்துவிடுகிறது. அவ்வளவு சின்ன இடத்தில் எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று ஒவ்வொரு ட்ரம் அடிக்கும் யோசித்த மனிதர், பொரியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார் என்றால் அது வேண்டும் என்றுதான் விட்டிருக்கிறார். ‘பில்டிங் ஸ்டீம்’ பாட்டில் ஒரு ட்ரம்மரின் குரல் வரும், தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே கற்றுக்கொண்டதாகச் சொல்வார். இத்தனை வருடம் அதை ஏதோ அலங்காரம் என்று கடந்துபோயிருக்கிறேன்.

குறை இல்லாமலில்லை. ‘ஆர்கன் டோனர்’ இரண்டு நிமிடம்கூட இல்லை, ஆர்கன் சூடுபிடிக்கும்போதே முடித்துவிடுகிறார், ஒன்பது வருடமாக ஒவ்வொரு முறையும் எரிச்சல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதது இன்னொன்று. அதே காகிதத்தோடு ‘மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்’ வைத்துப் பார்த்தேன். எனக்கு இந்த ஆல்பத்தில் உயிரே அந்தப் பாட்டுதான். பழைய தட்டுகளிலிருந்து எடுத்த டேவிட் ஆக்சல்ராடின் பியானோ, பின்லாந்து இசைக்கலைஞர் பெக்கா போஹ்யோலாவின் இசைத் துண்டு, மெரிடித் மங்கின் குரல், மூன்றும் சேர்ந்து நள்ளிரவில் ஈரமான தெருவில் தனியாக நடப்பது போல இருக்கும். அங்கே டப். காகிதம் ஒரு சுற்று வந்தது. டப். இன்னொரு சுற்று. டப். இது கீறல், என் பிரதியின் கீறல், அச்சிலேயே வந்தது. ஆக, கடையை நான் திட்டியதில் பாதி அநியாயம், பாதி நியாயம். இப்போது அந்தப் பாட்டில் எனக்கு எந்தப் பொரி ஷேடோவுடையது, எது அச்சடித்தவர்களுடையது என்று பிரித்துத்தான் கேட்க முடிகிறது, பாட்டாகக் கேட்க முடியவில்லை.

அதனால் நண்பரே, விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் சரி, எல்பி வேண்டாம். இசைத்தட்டுக்காகவே வாழ்பவர் இசைத்தட்டுகளால் செய்த ஆல்பத்தை சிடியில் கேள் என்று சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2005இல் வந்த இரட்டை சிடி பதிப்பைத் தேடுங்கள், அதன் இரண்டாம் தட்டில் ‘ஆர்கன் டோனர்’ நீண்ட வடிவத்தில் இருக்கிறது. சிடியில் பொரி கேட்டால் அது அவருடையது, சந்தேகமே வேண்டாம்.

இல்லை, எல்பிதான் வேண்டும் என்றால், வந்த அன்றே லேபிளில் காகிதம் ஒட்டி இரண்டு தட்டின் நாலு பக்கமும் ஓடவிட்டுப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.