மொரீஷியஸ் மெட்ரோ எக்ஸ்பிரஸ்: விருந்தினருக்கும் வீடு வாங்க வருவோருக்கும் எவ்வளவு பயன்?

மொரீஷியஸைப் பற்றிய விளம்பரம் எதை எடுத்தாலும் கடலும் மணலும்தான். தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் வரை ஏறும் மேட்டுநில ஊர்களை யாரும் காட்டுவதில்லை. மெட்ரோ ஓடுவது அங்கேதான். 1956-இல் பயணிகள் வண்டி நின்றுபோன பழைய ரயில் தடத்தின் பெரும்பகுதியில், 2020 ஜனவரியில் ரோஸ் ஹில் வரை சேவை தொடங்கியது. 2022-இல் கியூர்பிப் வரை நீண்டது. அடுத்த ஆண்டு ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெடுயிக்குக் கிளை பிரிந்தது.

வண்டி சுத்தம், குளிர்சாதனம் உண்டு, நெரிசல் சாலையில் சிக்காது. நாலைந்து முறை ஏறுவதாக இருந்தால் நிலையத்திலேயே எம்.ஈ. கார்டு என்ற பயண அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் அலுவலகக் கூட்டம் இருக்கும். பெட்டி படுக்கையோடு அந்நேரம் ஏறாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தால் இந்தத் தடமே ஒரு நாள் சுற்றுலா. போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கரையேறிய இடம், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், நுழைவுக் கட்டணம் கிடையாது. காத்ர் போர்னில் இறங்கி டாக்சி பிடித்தால் கோர் த கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயில். தைப்பூசக் காவடியன்று சாலைகளை அடைப்பார்கள், அதனால் அன்று விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும். காத்ர் போர்ன் துணிச் சந்தை வேண்டுமானால் வியாழனோ ஞாயிறோ பார்த்து வாருங்கள். பூர்வீகம் தேடுவோர் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போகலாம், குடியேற்றப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. முன்னோர் பெயரோடு கப்பல் பெயரோ குடியேற்ற எண்ணோ கையில் இருந்தால்தான் தேடல் விரைவாக முடியும். கியூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரம், கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே அங்கே மழை கொட்டும். குடை அவசியம்.

பெரிய குறை: மெட்ரோ விமான நிலையத்துக்கும் போகாது, கடற்கரைக்கும் போகாது. விமான நிலையத்துக்குக் கியூர்பிப்பில் இறங்கி, தென்கிழக்குக் கரை ஊரான மாயேபூர் செல்லும் பேருந்து பிடிக்கலாம். அது விமான நிலையம் வழியாகப் போகுமா என்று நடத்துநரிடம் முதலில் கேளுங்கள். வடக்குக் கடற்கரை ஊரான கிராண்ட் பே போக, போர்ட் லூயிஸின் இமிகிரேஷன் ஸ்கொயரில் வடக்குப் பேருந்துகள் நிற்கும். தெற்குப் பேருந்துகள் விக்டோரியா பக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அரைமணி இழப்பவர் நிறைய. மாலைக்கு மேல் பேருந்துகள் அருகிவிடும். திரும்பும் வழியை முன்பே யோசிக்காவிட்டால் டாக்சிதான் கதி. வாடகையைப் பேசி முடித்த பிறகே ஏறுங்கள்.

முதலீடு செய்ய வருவோருக்கு எபேன், காத்ர் போர்ன் பகுதி அடுக்ககங்களை 'மெட்ரோவுக்கு அருகில்' என்று காட்டுகிறார்கள். வரைபடத்தை நம்பாமல், நடைபாதை இருக்கிறதா, மழைநீர் தேங்குகிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். நிலையம் கண்ணுக்குத் தெரியும், குறுக்கே நெடுஞ்சாலை ஓடும். இதைவிட முக்கியம் சட்டம். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் நினைத்த வீட்டையோ மனையையோ வாங்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களுக்குள்ளோ அனுமதி பெற்றோதான் வாங்க முடியும். எந்தத் திட்டத்தின்கீழ் விற்கிறார்கள், அந்த வீடு வசிப்புரிமைக்குத் தகுதி தருமா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு உங்கள் சார்பில், சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரி ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.