தென்சென்னை ஏரிகளில் சைக்கிளும் நடையுமாக ஓராண்டு பறவை நோக்கல்

வேளச்சேரியை மையமாக வைத்தால் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் சைக்கிளுக்கு எட்டிய தூரம்தான். கேளம்பாக்கம் போய்த் திரும்ப அரைநாள் ஆகும். வேடந்தாங்கல் 70–80 கி.மீ.; விடியற்காலை ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே மிதித்துப் போவது வேண்டாத ஆபத்து. பக்கத்து ஏரி ஒன்றுக்கே ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் போவதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். மிதித்து வந்து மூச்சு வாங்கும்போது 10 மடங்குக் கருவியில் உருவம் ஆடும்; சேற்றோரம் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களைப் பிரித்தறிய அந்த ஆட்டமே பெரிய தடை. கழுத்து வாரில் தொங்கவிட்டால் குனியும்போதெல்லாம் ஹேண்டில்பாரில் இடிக்கும், அதனால் முதுகில் குறுக்காகப் போகும் ஹார்னஸ் வாங்கிவிடுங்கள். முன்கூடையில் மட்டும் வைக்கவே கூடாது. வேகத்தடைகளில் குதித்துக் குதித்து உள்ளிருக்கும் பட்டகம் (ப்ரிசம்) நகர்ந்துவிட்டால் உருவம் இரட்டையாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் தலைவலி வரும். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். ஏரிக்கரைகளில் அது இல்லாத இடமே கிடையாது. 35 மி.மீ.க்குக் குறைந்த டயர் வேண்டாம். மாற்று ட்யூப் இரண்டு, டயர் லீவர், பம்ப், பேட்ச் இவ்வளவும் பையில் இருக்கட்டும். ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். முறிந்த முள்முனை ரப்பருக்குள்ளேயே நிற்கும். அதைப் பிடுங்காமல் போட்ட புது ட்யூப் சற்று தூரத்திலேயே இறங்கிவிடும். மழைக்குப் பின் கரைக் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்தும், அங்கே தார்ச்சாலையிலேயே பூட்டிவிட்டு நடப்பது மேல். முட்டுக்காடு, கேளம்பாக்கம் பக்கம் போய்வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் உப்புக்காற்றில் துரு ஏறும்.

இனி, பறவையை நெருங்குவது. கடந்துபோகும் சைக்கிளை நாரையும் நாமக்கோழியும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பிரேக் பிடித்துக் காலை ஊன்றும் அந்த நொடியில்தான் எழும்பிப் பறக்கும். ஆகவே பறவையைக் கண்டதும் நிற்காமல் 40, 50 மீட்டர் தாண்டிப் போய் ஸ்டாண்ட் போட்டு, நேராக அதை நோக்கி வராமல் சாய்வாக நடந்து திரும்புங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வரவும் கூடாது, ஃப்ரீவீலின் டிக்டிக் சத்தம் அமைதியான கரையில் நன்றாகக் கேட்கும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பு நிழல்தான். விடியற்காலை நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பருவக் கணக்கில் புதிதாக வருபவர்கள் ஏமாறுவது நவம்பர், டிசம்பரில். வலசைக் காலம்தானே என்று போவார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியிருக்கும். சேறு முழுக்க நீருக்கடியில், உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது. வாத்துகளும் நட்டநடுவில் புள்ளிகளாகத் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் நீர் வடிந்து சேற்றுத்திட்டு வெளிப்படும்போது பாருங்கள்: பொரி உள்ளான், கருவால் மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் ஒரே விளிம்பில் இரை தேடும், பின்னால் ஆழம் குறைந்த நீரில் பூநாரைகள். ஆண்டிலேயே மிகச் சிறந்த வாரங்கள் இவை, மற்ற வேலைகளை ஒதுக்கிவைக்கலாம்! கோடையில் நீர் இன்னும் சுருங்க, சிக்கிய மீனுக்காகக் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடும். ஆகஸ்டிலேயே முதல் உள்ளான்கள் இங்கே திரும்பி வரத் தொடங்கும். அக்டோபரில் ஏரியை விட்டு மரமடர்ந்த தெருக்களில் நடக்க வேண்டும். வலசை வந்த களைப்பில் ஆறுமணிக்குருவி வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்கும்.

டெலஸ்கோப்பை ட்ரைபாடோடு சைக்கிளில் சுமப்பது பெரும்பாலான நாட்களுக்குத் தேவையில்லை. கேளம்பாக்கத்தின் அகன்ற உப்பங்கழி மட்டும் விதிவிலக்கு.

பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பதியும்போது ஏரிக்கு ஏரி தனிப் பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 15 நிமிடம். மிதித்துப்போகும் தூரத்தையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கினால் எந்த நீர்நிலையில் எது இருந்தது என்பதே தெரியாமல் போகும். சைக்கிளில் ஏறும் முன் பட்டியலை நிறுத்திவிட்டு, அடுத்த கரையில் இறங்கியதும் புதிதாகத் தொடங்குங்கள். எண்ண முடியாத கூட்டத்துக்கு ‘இருந்தது’ என்று மட்டும் குறியிடாமல், பத்துப் பத்தாகக் கணித்து உத்தேச எண் கொடுங்கள்.