சிறந்த சுழற்பந்து வீச்சாளர் முரளியா, வார்னா?

இலங்கையின் முரளிதரன் 133 டெஸ்ட்களில் 800 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 22.72. ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் 145 டெஸ்ட்களில் 708, சராசரி 25.41. இத்தோடு நிறுத்தினால் போட்டியே இல்லை.

வார்ன் ரசிகர்கள் விடுவார்களா? முரளியின் 176 விக்கெட்டுகள் பலவீனமான வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிரானவை. வார்னுக்கு அப்படி வந்தவை 17தான். சரி, கழித்துவிடுவோம். முரளிக்கு 108 டெஸ்ட்களில் 624, வார்னுக்கு 142ல் 691. ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று பார்த்தால் அப்போதும் முரளியே முன்னால்.

ஆனால் வார்ன் விக்கெட்டுகளை சக வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத்துடன் (563 விக்கெட்) பங்கிட வேண்டியிருந்தது. முரளிக்குத் துணை பெரும்பாலும் வேகப்பந்து வீச்சாளர் வாஸ் (355) மட்டுமே. ஆஸ்திரேலிய மண்ணில் முரளி எடுத்தது 12 விக்கெட், சராசரி 75! இந்தியாவில் இருவரின் சராசரியும் 40ஐத் தாண்டியது. யாரும் அதைப் பேசுவதில்லை.

என் ஓட்டு முரளிக்கு. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஆட்டம் என்றால் மட்டும் வார்ன்.